கந்தசாமி வாசிக்காத கிட்டார்

மார்ச் 3, திங்கள்

ஓக் மரத்து மகரந்தம் கார் மேலெல்லாம் மஞ்சளாய் அப்பிக் கிடக்கிறது. கண் எரிச்சல். வாக்கிங் போகவில்லை.

ஜெர்சி சிட்டியிலிருந்து வான்மதி போன் பண்ணினாள். ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் ரெண்டு வார்த்தை பேசி வைக்கிறவள், இன்றைக்கு, "அம்மா, ஆர் யூ சிட்டிங் டவுன்?" என்றாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் பழைய எல்.பி. ரெக்கார்டு சேர்ப்பவராம். அவர் பெருமையாகக் காட்டிய ரெக்கார்டில் பழுப்பு அட்டை, மேலே 'எஸ். கந்தசாமி', கீழே 'தனி கிட்டார், ஹூஸ்டன், 1984'. "அம்மா, இஸ் திஸ் யூ?"

நான்தான். இருநூறு போட்டோம், முப்பதோ என்னவோ விற்றது. மீதி முழுக்க ஹார்வி புயல் வெள்ளத்தில் கராஜில் ஊறிக் குப்பைக்குப் போனது. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

கலிஃபோர்னியாவில் ஏதோ ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி அதை மறுபடி அச்சடிக்கப் போகிறதாம். ஒரு வருஷமாக 'இந்த மனிதர் எங்கே' என்று தேடுகிறார்களாம். 'ஹீ' என்றே எழுதியிருக்கிறார்களாம்.

மார்ச் 5, புதன்

அந்தக் கம்பெனி எழுதிய கட்டுரையை வான்மதி அனுப்பியிருந்தாள், படித்தேன். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

'கந்தசாமியின் விரல்கள்.' 'கந்தசாமியின் தனிமை.' கந்தசாமி ஒரு துறவியைப் போல உலகத்தை விட்டு மறைந்துவிட்டாராம்! நிஜக் கந்தசாமி என் வீட்டுக்காரர். மனுஷன் எண்ணெய்க் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் சோபாவில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். கிட்டாரில் எத்தனை கம்பி என்று கேட்டால்கூடத் தெரியாது.

ஐந்தாவது பாட்டு திடீரென்று நின்றுபோவது 'தாய்நாட்டை இழந்தவனின் துணிச்சலான மௌனம்'. கருமம்! ரெண்டு வயசு வான்மதி முழித்துக்கொண்டு அழுதாள், நான் எழுந்து போனேன். பின்னால் மெலிதாகக் கேட்கும் கிணுகிணு சத்தம், அவர் காலில் கட்டிய சதங்கையாக இருக்கலாமாம். என்னுடைய கண்ணாடி வளையல் அது. ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்த சர்ச் சவுண்டுக்காரர் கழற்றச் சொல்லிக் கெஞ்சினார். கல்யாணமான கையை மூளியாக வைக்க மாட்டேன் என்றுவிட்டேன்.

கோயமுத்தூர் கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த கிட்டார். இங்கே அபார்ட்மெண்டில் பேச ஆளில்லாமல், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டாக நானே கட்டியது. அதில் துறவி எங்கிருந்து வந்தார்?

அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுதிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அந்தக் கட்டுரை கோயில் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. கோயில் சிநேகிதி அனந்தலக்ஷ்மி சாப்பாட்டு வரிசையில் இவரைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நீங்க கிட்டார்லாம் வாசிப்பீங்கன்னு சொல்லவே இல்லையே! சோ ப்ரவுட்!" என்றாள். நான் சாம்பார்க் கரண்டியோடு எதிரிலேயே நிற்கிறேன். இவர் சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்றார்!

காரில் ஏறி ஃப்ரீவேயைத் தொடும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. இவர் சொன்ன பதில்:

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அந்தக் காலந்தானே? அத்தன பேரு முன்னாடி நின்னு விளக்கம் குடுக்கறதா?"

"'அவ வாசிச்சது'. ரெண்டே வார்த்தைங்க. அதுக்கு வாய் வலிக்குதா?"

லேன் மாற்றிக்கொண்டே, "அட்டைக்குப் பேரு எழுதிக் குடுத்தது நீதானே அம்முணி" என்றார்.

ஆமாம், நான்தான். லைசென்ஸ், பேங்க், லைப்ரரி கார்டு எல்லாவற்றிலும் எப்படியோ அப்படியே, கடைசிப் பேர் இருக்கிற இடத்தில் புருஷன் பேர். இங்கே அதுதான் பேர் என்று பழகிவிட்டது. அச்சுக்காரன் 'சாந்தாமணி'யைச் சுருக்கி 'எஸ்' ஆக்கலாமா என்றதற்கும் தலையாட்டினேன். அப்பாவின் பேரை ஃப்ளைட் ஏறும்போதே விட்டாயிற்று, அன்றைக்கு என் பேரையும் விட்டேன். யாரைத் திட்டுவது?

அதற்காக இவர் சிரித்தது சரியா? இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கம்பெனிக்காரன் பேர் வேட். பதில் போட்டிருக்கிறான். கந்தசாமியின் மனைவியைத் தொடர்புகொள்ள முடிந்ததில் பெருமகிழ்ச்சியாம். அவரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா? நானே வாசித்தேன் என்பதற்கு ஏதாவது ஆவணம் இருந்தால் அனுப்பவும். மாதக் கடைசியில் அட்டை அச்சுக்குப் போகிறது.

ஆவணமா! துறவி என்று எழுதும்போது எந்த ஆவணத்தைப் பார்த்தான்?

மார்ச் 16

கோபத்தில் ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு. இவர் முகம் சுளிக்காமல் முழுசும் சாப்பிட்டார். பயம் இருக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

வேட் வீடியோவில் வந்தான். சின்ன வயசுதான், மரியாதையாகவே பேசினான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"கந்தசாமி என் கணவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வருஷத்தில் இவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரிஜினல் டேப் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், சவுண்டுக்காரர் காலமான பிறகு அவர் வீட்டிலிருந்து வாங்கினார்களாம். ஐந்தாவது பாட்டு நின்ற பிறகும் ஓடவிடு, குழந்தை அழும், ஒரு பொம்பளை "வந்துட்டேன் கண்ணு, அழுகாத சாமி" என்பாள், கேட்டுப் பார் என்றேன்.

கேட்டிருக்கிறானாம். முதல் நாளே! மனைவி பக்கத்தில் இருந்திருப்பார் என்று நினைத்து அந்த இடத்தை வெட்டிவிட்டானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. வலது கையை கேமரா முன்னால் நீட்டி, கம்பியை மீட்டுவது போல ஆட்டினேன். வளையல் குலுங்கியது. "ஒவ்வொரு பாட்டுலயும் ஒவ்வொரு மீட்டுக்கும் இந்தச் சத்தம் கேக்குது. வாசிக்கிற கையில வளையல் இருந்தாத்தான் அப்படிக் கேக்கும். உங்க ஊர்ல எந்த ஆம்பளை கண்ணாடி வளையல் போடறான்?" பாதிக்கு மேல் தமிழிலேயே கத்தியிருக்கிறேன், இவர்தான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், "ஷீ ப்ளேய்ட். நாட் மீ. ஐ டோன்ட் நோ எனிதிங்" என்றார், கேட்காமலே.

 வேட் மன்னிப்புக் கேட்டான். அட்டையை நிறுத்தி வைக்கிறானாம்.

மார்ச் 30

இவர் யூட்யூபில் முழுசும் கேட்டார். "அஞ்சாவது நல்லா இருக்கு" என்றார். நாற்பத்தோரு வருஷம் கழித்து! கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சந்தோஷப்படுவதா, அடிப்பதா என்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

வேட் அனுப்பிய ஃபார்ம். முதல் பேர்: சாந்தாமணி. கடைசிப் பேர் கட்டத்தைக் காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்கவில்லை. அதிலும் சாந்தாமணி என்றே போட்டேன். அட்டையில் ஒன்று போதும் என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

பெட்டி வந்தது. பழுப்பு அட்டை, 'சாந்தாமணி' என்று பெரிய எழுத்து. ஐந்தாவது பாட்டின் முடிவில் குழந்தையின் அழுகையும் என் குரலும் இருக்கிறதாம், வேட் எழுதியிருக்கிறான். எங்களிடம் ரெக்கார்டு ப்ளேயர் இல்லை.

மத்தியானம் அனந்தலக்ஷ்மி போன். ஆன்லைனில் பார்த்தாளாம், ஒரே கோபம். "வான்மதி அம்மா, என்ன அநியாயம் இது! அங்கிள் பேரை எடுத்துட்டு யாரோ சாந்தாமணின்னு போட்டிருக்கா. சும்மா விடாதீங்கோ, கேஸ் போடுங்கோ. யாரு அவ?"

பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள்.

"நான்தாங்க" என்றேன்.

 "உங்க பேரு சாந்தாமணியா?" என்றாள். கிட்டாரைப் பற்றிக் கேட்க இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது.