போண்டாவுக்குத் தெரிந்த குரல்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி நனைந்தது. தீபாவளிக்குத் தைக்கிற ஜாக்கெட் வர ஆரம்பித்துவிட்டது. மருமகள் கழுத்தை இறக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள், மாமியார் தனியாகப் போன் போட்டு ஏற்றச் சொல்கிறாள். நடுவில் நான்.

தம்பியின் நாய் போண்டா இன்றும் பேச்சைக் கேட்கவில்லை. "உக்காரு" என்றால் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறது. தம்பி சொன்னால் பட்டென்று உட்காரும். தம்பி போய் ஒரு மாதம். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி வாசலிலேயே சாய்ந்தான். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நான்தான் போய் மூடினேன்.

அவன் ஓட்டியது தஞ்சோங் கிளிங் முதியோர் இல்லத்து வேன். அங்கே கிடக்கிறவர்களுக்காகத்தான் இந்த நாயைப் பழக்கினான். பக்கத்தில் போய் உட்காரவேண்டும், மடியில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும். தட்டு விழுந்தாலும், யாராவது கத்தினாலும் மிரளக்கூடாது. குட்டியைக் கொடுத்தவர் மிஸ் லிம், நாய் பழக்குகிற சீன டீச்சர். நவம்பரில் நாய்க்குப் பரீட்சை. தேறாவிட்டால் திரும்ப வாங்கி ஜொகூரில் வேறு யாரிடமோ கொடுத்துவிடுவார்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அக்கா, தம்பி எங்களுக்குள் இதற்காகவே தினம் சண்டை. இப்போது கொடு என்றால் கொடுக்க முடியுமா? அவனும் கல்யாணம் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. வீட்டில் அவன் கைபட்ட உயிர் இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

தம்பியின் போனைத் திறந்தேன். மிஸ் லிம்முக்கு அனுப்புவதற்காகப் பிடித்த வீடியோக்கள் நிறைய. அவன் முகம் எதிலும் இல்லை, நாய் மட்டும்தான். ஆனால் குரல் இருக்கிறது. "போண்டா, உக்காரு. அப்படித்தாண்டா ராஜா. இரு... இரு..."

தையல் மெஷினுக்குக் கீழே படுத்திருந்த போண்டா எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தது. முதுகு நேராக. ஒரு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு உட்காராத நாய்.

பிறகு தேடியது. அவன் அறை, குசினி, பின்கட்டு. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் போய்ப் படுத்து வாலைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் போய்க் கதவைத் திறந்து காட்டினேன். எதற்குக் காட்டினேன்? எனக்கும் ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாங்க: ஊக்கு, மெரூன் நூல், நாய்ச் சோறு, ஊதுபத்தி.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இப்போது பழக்குவது. விரலால் ஒரு தட்டு, அவன் பேசுவான், நாய் செய்யும். "உக்காரு", "இரு", "விடு", "தலை வை" எல்லாமே இருக்கிறது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. நேற்று சோறு போடும்போது இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப வைக்க மனசு வரவில்லை, மேசையிலேயே விட்டுவிட்டேன்.

மஸ்ஜித் தானாவிலிருந்து அண்ணி போன். "தனியா இருந்து என்னத்த பண்ற? இங்க வந்துரு லா." தனியாக இல்லை என்று வாய்வரை வந்தது. சொன்னால் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

போண்டா சாயங்காலமானால் கேட்டுக்கு ஓடுகிறது. வேன் திரும்பி வரும் நேரம். முன்பெல்லாம் படுத்துத் தூங்கும். குரல் போட ஆரம்பித்த பிறகுதான் இந்த ஓட்டம்.

செப்டம்பர் 6, சனி

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முதல் முறையாக இல்லத்துக்கு நாயோடு போனேன். தம்பியின் காரில். கடலோர ரோட்டில் காற்று, போண்டா மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தது. மிஸ் லிம் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே நர்ஸ் பிள்ளை என் காதோடு சொன்னாள்: "அக்கா, அந்தோணி ஐயாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. கண்ணன் அண்ணன் லீவுல போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கோம். தாங்க மாட்டாரு."

அந்தோணி ஐயா அந்தக் காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கும் மாதா கோயிலுக்கும் அவரைத் தூக்கி வேனில் வைத்துக் கூட்டிப்போனவன் தம்பி.

அவர் முன்னால் போய் "உக்காரு" என்றேன். நாய் கூரையைப் பார்த்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. எல்லோரும் பார்க்கிறார்கள். என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது.

"போண்டா, உக்காரு. அப்படித்தாண்டா ராஜா."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணா! வந்துட்டியாப்பா! எங்கடா போயிட்ட இத்தன நாளா?" இரண்டு கையையும் நீட்டிக் காற்றில் துழாவினார். நாயும் எழுந்து கட்டிலுக்கு அடியில் தேடியது, கதவுக்குப் பின்னால் தேடியது. அவர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"வேன் பார்க் பண்ணப் போயிருக்கான் ஐயா. வந்துருவான்."

என் வாயிலிருந்துதான் வந்தது. பாவி. நாங்கள் கிளம்பும்வரை அவர் வாசல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மிஸ் லிம் வீட்டுக்கே வந்துவிட்டார். மலாயும் இங்கிலீஷும் கலந்து கொட்டினார். "தா போலே, ஆண்டி. தா போலே." கூடவே கூடாதாம். நாய் என் பேச்சைக் கேட்கவில்லையாம், போனுக்குள் இருக்கிற ஆளைத் தேடுகிறதாம். தேடிக்கொண்டே இருக்கிற நாய் இன்னொருவர் மடியில் எப்படி நிம்மதியாகத் தலை வைக்கும்? போனை எடுத்து வைத்துவிட்டு என் குரலில் ஆரம்பத்திலிருந்து பழக்கவேண்டும். இல்லையென்றால் நாயை இப்போதே கொடுத்துவிடலாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அப்படிச் செய்தால் கண்ணன் குரல் அதற்கு மறந்துவிடுமா?

அந்தப் பொம்பளை பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மறந்துவிடும் என்றார்.

வந்தவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம். அவனைத் தினம் தேடுகிற ஜீவன் இந்த உலகத்தில் இது ஒன்று. அண்ணன்கூடக் காரியம் முடிந்ததும் மோட்டார் டயர் மாற்றுவதைப் பற்றித்தான் பேசினார். அதன் தலைக்குள்ளிருந்தும் அவனை நானே துடைத்தெடுக்கவேண்டுமாம்.

கடைசியில் போனை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிம்பாங் அம்பாட் சீனன் கோப்பிக்கடையில் பயிற்சி. மேசைக்கு அடியில் நாய், அதன் மூக்குக்கு முன்னால் யாரோ போட்ட கோழி எலும்பு. மிஸ் லிம் அடுத்த மேசையில்.

"விடு," என்றேன். கத்தவில்லை. கத்தக் கூடாதாம்.

எலும்பைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. என் தோளுக்குப் பின்னால் இல்லை, நேராக என் கண்ணைப் பார்த்தது. எலும்பை விட்டுவிட்டது.

மிஸ் லிம் கை தட்டினார். நான் பிஸ்கட் கொடுத்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் பின்னால் போய் அழுதேன். திருடிவிட்டேன் அவனிடமிருந்து.

சாயங்காலம் கேட்டுக்கு ஓடவில்லை. நான்தான் போய் நின்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

துக்க வீடு, எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை. படையல் மட்டும். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிமேல் கைநீட்டி வாழையிலை வெட்டிக் கொடுத்தார். நாய் இருப்பதால் இந்தப் பக்கம் வரமாட்டார், ஆனால் தம்பிக்கு என்றதும் நல்ல இலையாகப் பார்த்து வெட்டினார்.

அவன் படத்துக்கு முன்னால் ஆட்டுக்கறி பிரட்டல், நண்டு, வடை, ஒரு டின் பீர், சிகரெட். அண்ணி ஓயவில்லை. "நண்ட கிட்ட வை. அவனுக்கு அதான் உசுரு." சாம்பிராணி காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஆவி வந்து சாப்பிடும் நேரம், யாரும் பார்க்கக்கூடாது. ஐந்தடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அண்ணன் விலைவாசி பேசினார்.

திடீரென்று அண்ணி, "நாய் எங்க?"

உள்ளே! புகையில் யாரும் கவனிக்கவில்லை. "ஐயோ, கறியெல்லாம் போச்சு! அவன் சோத்துல நாய் வாய வச்சிருச்சு!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் கதவைத் தள்ளினார்.

இலையில் எதுவும் குறையவில்லை. போண்டா இலைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரையில் குளம். அசையவில்லை.

அண்ணன் கும்பிட்டார். என் பக்கம் திரும்பியவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "தம்பி வந்திருக்கான் லெச்சுமி. அவன் சொல்லித்தான் இது உக்காந்திருக்கு. இல்லன்னா ஆட்டுக்கறிய எந்த நாய் விடும்?" அப்பா செத்தபோது அழாத மனுஷன். அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

கறியை வைக்கும்போது நாய் மோப்பம் பிடித்துக் கிட்டே வந்தது. கோப்பிக்கடைப் பழக்கத்தில் "விடு, இரு" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்து வெளியே வந்துவிட்டேன். அது கேட்டது என் பேச்சை. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொல்லமாட்டேன்.

வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து இல்லை. படத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து.

நவம்பர் 8, சனி

தூறல். ஜாக்கெட் வேலை ஓய்ந்துவிட்டது. பரீட்சை இல்லத்திலேயே.

தட்டைப் போட்டார்கள், மிரளவில்லை. சக்கர நாற்காலி வாலுக்குப் பக்கத்தில் போனது, நகரவில்லை. பிஸ்கட், விட்டது. கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரியம்மா எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாக யாராவது ஒருவர் மடியில் தலை வைக்கவேண்டும். அந்தோணி ஐயாவிடம் போனேன்.

"தலை வை." வைத்தது. அவர் விரல் காதைத் தேடிப் பிடித்தது. அதிகாரியம்மா தலையை ஆட்டினார். மிஸ் லிம் என் முதுகில் ஒரு அடி. தேறிவிட்டது. எங்கள் வீட்டு நாய்தான் இனிமேல்.

அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் ஐயா கேட்டார். "வேன் பார்க் பண்ணப் போனவன் இன்னும் வரலியேம்மா."

எத்தனை வாரமாக இந்த ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் கையைப் பிடித்தேன். "கண்ணன் தவறிட்டான் ஐயா. ஜூலையிலயே."

அழவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். "தெரியும்மா. லீவுன்னா எனக்கு ஒரு போன் பண்ணாம இருப்பானா? ஆனா அன்னைக்கு கேட்டேனே, அவன் குரல."

"போன்ல இருந்தது ஐயா. நாயப் பழக்கறதுக்கு."

"இருக்கா இப்ப? ஒரே ஒரு தரம் போடும்மா."

கைப்பையில்தான் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியாது. அந்த அரிசி டின்னுக்குப் பின்னால் விட்டுவிட்டு வர முடியவில்லை. போட்டேன்.

"போண்டா, வாடா ராஜா. எங்க இருக்க? வா, வா..."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்துவிடு, ஒரே ஒரு முறை தேடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காதைத் தூக்கியது. தலையை எடுக்கவில்லை. போகலாமா என்று என் முகத்தைப் பார்த்தது.

"இரு," என்றேன்.

இருந்தது.