மூன்றாவது வலையின் பெயர்

08.05.2006, திங்கள்

மாமாவின் இன்டர்நெட் கடையில், நாலாம் இலக்க மெஷினில் இருந்த போலந்துக் கிழவர் தன் மெயிலை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே நேரம், அதே மெயில் பக்கம், கவுண்டரில் என் மெஷினில் திறக்கவில்லை. பக்கத்தைக் காட்ட முடியாது என்ற வெள்ளைத் திரை மட்டும்.

இரண்டு கிழமையாக லைன் பிழை என்று மாமா சொல்கிறார். லைன் பிழை என்றால் அந்தக் கிழவருக்கு எப்படித் திறந்தது?

எசன் நகரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, வேலைப் பயிற்சி கேட்டு விண்ணப்பம் அனுப்பி ஏழு கிழமை, ஏறக்குறைய ஐம்பது நாள். பதில் மெயிலில் வரும் என்றார்கள். வந்திருக்குமோ? வந்து, நாளும் கடந்துவிட்டதோ? வீட்டில் கணினி இல்லை. வாடிக்கையாளர் மெஷினில் நான் உட்காரக்கூடாது, அது மாமாவின் சட்டம்.

09.05

இன்றும் திறக்கவில்லை.

11.05, வியாழன்

கடை மெஷின்களை இணைக்கும் நெற்வேர்க் புரோகிராமைத் திறந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

ஈஸ்டர் முடிந்த கிழமை பிரதாப் அண்ணை வந்து இதைப் போட்டுத் தந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஜெர்மனிக்கு வந்து ஆஹெனில் படிக்கிறார். இங்குள்ள தமிழ்க் கடைகளுக்கு நெற்வேர்க் போட்டுக் கொடுப்பார். கடையில் பத்து மெஷின், அதோடு கவுண்டர். எல்லாம் வந்து சேரும் ஒரே பெட்டி, ஒரே மாதிரி நீல வயர்கள். ஆனால் புரோகிராமுக்குள்ளே அது மூன்று வலை. வயரைத் தொடாமலே ஒரு மெஷினை ஒரு வலையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். ஒரு வலையில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. சுவர் இல்லை, ஆனால் சுவர் இருக்கிறது.

ஒரு மணித்தியாலம்தான் காட்டித் தந்தார். எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே இவ்வளவு கெதியாக விளங்கியதில்லை. அங்கே வாய் திறக்காததற்கே புள்ளி வெட்டினார்கள். பத்தாம் வகுப்பை முடிக்காமலே விட்டேன். பிறகு மாமாவின் இந்த ரெலிபோன் கடை – காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை, கண்ணாடிப் பூத்துகளுக்கு முன்னால், பதினாறு மாதம்.

புரோகிராமுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் வலைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில். aal: வாடிக்கையாளர் மெஷின்கள். kadai: பிரிண்டர், பூத்துகள். veli: அதில் என் மெஷின் ஒன்றுதான். முதல்நாள் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. வெளி. எல்லாவற்றிலும் நான் மட்டும் வெளியில்.

மாமாவிடம் கேட்டேன். "இருக்கிறபடி இருக்கட்டும் பிள்ளை, நோண்டாதை" என்றார்.

13.05, சனி

மாமா சாமான் எடுக்கப் போயிருந்தார். இரண்டாம் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்தி, பிரதாப் அண்ணைக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை முதலே துண்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்தே வாசித்தேன்.

"அண்ணை, நான் பிளோறன்ஸ். யோசேப்பு மாமாவின்ரை கடையிலை இருந்து. வெளி வலையிலை மெயில் வேலை செய்யுதில்லை."

"எந்த வலைங்க?"

"வெளி. என்ரை மெஷின் இருக்கிறது."

வெளி, வெளி என்று முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அய்யோ, அது வெளி இல்லீங்க. வேலி. வே-லி. 'கவுண்டர் மெஷினைச் சுத்தி ஒரு வேலி போட்டுடுங்க தம்பி, மெயில், சாட் எதுவும் போகக்கூடாது'ன்னு உங்க மாமாதான் என்கிட்ட சொன்னாரு. நான் அதையே பேரா வெச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லலையா?"

துண்டின் பின்பக்கத்தில் வேலி என்று எழுதிப் பார்த்தேன்.

"ஹலோ? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

பூத்திலிருந்து வெளியே வந்தபோது ஒரு ஆபிரிக்கப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். மூன்று கிழமையாக வேலிக்குள் இருந்துகொண்டு வெளி என்று வாசித்திருக்கிறேன்.

14.05, ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வரும் வழியில் வேலியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"கிறிஸ்ரினாவின்ரை விசயத்துக்குப் பிறகு அவர் பயந்துபோனார். நல்லதுக்குத்தானே செய்தவர்."

கிறிஸ்ரினா அக்கா மாமாவின் மகள். எனக்கு முன்னால் அதே கதிரையில், அதே மெஷினில் இருந்தவள். சாட்டில் ஒருவனைப் பழகி, போன வருடம் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டாள். மாமா வீட்டில் இப்போது அவள் படம்கூட இல்லை.

அவள் போனதுக்கு எனக்கேன் வேலி? நான் ஆரோடை கதைச்சனான்? கடைக்கு வாற ஆக்களோடையே எனக்குக் கதைக்க ஏலாது. அப்பாவும் ஓம் எண்டிருப்பார். எல்லாரும் ஓம் எண்டிருக்கினம். எனக்கு மட்டும் லைன் பிழை.

15.05

என் மெஷினை aal வலைக்கு மாற்ற ஒரு அழுத்தல் போதும். பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் ஒரு பட்டியலில் விழும். மாமாவுக்குப் புரோகிராம் ஓட்டத் தெரியாது, பட்டியல் வாசிக்கத் தெரியும். வெள்ளிதோறும் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

17.05

மவுஸில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

18.05, வியாழன்

பின்னேரம் நாலு பத்துக்கு மாற்றினேன்.

மெயில் வந்து பதினைந்து நாள். 23ஆம் திகதி செவ்வாய், காலை பத்து மணிக்கு நேர்முகம்; வருவதை 19க்குள் உறுதிப்படுத்தவும். 19 – நாளை.

"வருகிறேன்" என்று ஜெர்மனில் எழுத இருபது நிமிடம் எடுத்தது. அனுப்பினேன். திரும்ப வேலிக்குள் போடவில்லை. ஏன் போடவேண்டும்?

19.05, வெள்ளி

பட்டியலைப் பிரிண்ட் எடுத்தேன். கிழித்துப்போடலாம் என்று நினைத்தேன். கொடுத்தேன்.

"இதென்ன, நேற்று நாலு பத்து?"

"நான்தான் மாமா."

"அது தெரியுது, பேர் கிடக்கு. ஏனெண்டு கேக்கிறன்."

"மெயில் பாக்க. எசனிலை அவுஸ்பில்டுங் இடம் ஒண்டு, மூண்டு வருசம் வேலையோடை படிக்கிறது. செவ்வாய் நேர்முகத்துக்கு டெர்மின் தந்திருக்கினம்."

சிரித்தார். "கிறிஸ்ரினாவும் டெர்மின் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவள். அவளுக்கு இன்னும் அந்த டெர்மின் முடியேல்லை."

ஐந்தாம் பூத்தில் இருந்தவர் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தார். நான் அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திவிட்டார்.

"செவ்வாய் கடையை ஆர் பாக்கிறது? நீ இல்லாட்டி உந்தப் பெட்டி ஓடுமே? எனக்கு உதுகள் ஏலாதெண்டு தெரியுந்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "திரும்ப வேலிக்குள்ளை போடு."

"நானோ?"

"வேறை ஆர்? எனக்கே தெரியும்?"

போட்டேன். என் கையால். பட்டியலில் இப்போது இரண்டு வரி: வெளியே போனதும் பிளோறன்ஸ், உள்ளே வந்ததும் பிளோறன்ஸ்.

20.05

செவ்வாய் நேர்முகம் பற்றி மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார். என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் கொழுவியிருக்கிறார். ஞாயிறு பூசைக்கோ, செவ்வாய்க்கோ? கேட்கப் பயம்.

21.05

பூசைக்கு அம்மா நீலச் சட்டையைத்தான் எடுத்துத் தந்தார்.

22.05, திங்கள்

நான் இல்லாவிட்டால் பெட்டி ஓடாது என்றார் மாமா. எட்டாம் மெஷின் நின்றுபோக, இன்று மட்டும் மூன்று முறை கூப்பிட்டார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அதனாலேயே நான் இங்கே இருக்கிறேன்.

ஆள் குறைந்த நேரத்தில் ஒரு தாளில் எழுதினேன். பதினொரு வரி. எதை முதலில் திறப்பது, மெஷின் நின்றால் எதை அழுத்துவது, எந்த வலையில் எது. பெயர்களைத் தமிழில் எழுதினேன்: ஆள், கடை, வேலி.

23.05, செவ்வாய்

எட்டுக்குக் கடையைத் திறந்தேன். எட்டரைக்கு மாமா வந்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். நான் தாளைக் கொடுத்தேன்.

"என்ன இது?"

"பெட்டியைப் பாக்கிற விதம். ஒவ்வொரு வரியாச் செய்தால் சரி."

"கண்ணாடி கொண்டரேல்லை. வாசி."

வாசித்தேன். பதினொரு வரியையும், சத்தமாக. அவர் வரிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் எங்கை படிச்சனீ?"

"இஞ்சைதான் மாமா."

தாளை வாங்கி மடித்தார், பிறகு விரித்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "பின்னேரம் வருவியோ?" என்றார். அந்தக் கேள்வி எனக்கா, கிறிஸ்ரினா அக்காவுக்கா என்று தெரியவில்லை.

"வருவன் மாமா" என்றேன்.

என் கதிரையில் உட்கார்ந்து, மேசை லாச்சிக்குள் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

நூற்றேழாம் இலக்க ட்ராமில் எசனுக்குப் போனேன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறுவனத்தின் வாசலில் மணியை அழுத்தினேன். சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குள் ஒரு பெண்குரல் யார் என்று கேட்டது. பெயரைச் சொன்னேன். விளங்கவில்லை என்றது. எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொன்னேன்.