நீலப் பெட்டியில் ஒரு சொட்டு

ஜூன் 3, 2039. காலை 7.10

இடம்: வடவள்ளி, எங்கள் வீட்டின் கீழ்த்தளம்.
மாதிரி: த-9, எட்டாம் தலைமுறை. பிளாஸ்டிக் கழிவைத் தின்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் நான் உருவாக்கிய பாக்டீரியா.
அளவு: ஒரு சொட்டு.
தடவிய இடம்: பொம்மை ரயிலின் நீலப் பெட்டி, அடிப்பாகம். ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சைப் பெட்டி, அதைத் தொடவில்லை.
எதிர்பார்ப்பு: இரண்டு நாளில் நீலப் பெட்டி இளகும். அதன்பின் ஈரமில்லாமல் பாக்டீரியா சாகும்.

காரணம் எழுதத் தேவையில்லை. இருந்தும் எழுதுகிறேன். என் கணவர் கனகசபாபதி பல் மருத்துவர். பதினோரு வருஷமாகக் கீழ்த்தளம் முழுக்க மேசை அடித்து ரயில் விடுகிறார். பல்லுக்கு அச்செடுக்கும் மாவில் மலை, பஞ்சில் மரம், நாற்பது பெட்டி, ஆறு ஸ்டேஷன். போன மாதம் நான் கருத்தரங்குக்காக ஐதராபாத் போயிருந்த மூன்று நாளில் அதே தளத்தில் இருக்கும் என் படிப்பறைச் சுவரை உடைத்துச் சுரங்கம் போட்டுவிட்டார். என் அலமாரி இருந்த இடத்தில் இப்போது வண்டி திரும்பும் வளைவு. என் புத்தகங்கள் சாக்கில்.

இரண்டு வருஷமாக நாங்கள் ஒரே வீட்டுக்குள் போனில்தான் பேசிக்கொள்கிறோம். சுவரைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்: "வளைவு அங்க வந்தாத்தான் வண்டி நிக்காம ஓடும். நீ அந்தப் புஸ்தகத்தத் தொட்டு எத்தன வருசமாச்சு?"

ஜூன் 5. காலை 9.30

நீலப் பெட்டியின் கூரை ஊறிய அப்பளம் போலத் தொங்குகிறது. சக்கரம் கழன்றுவிட்டது. பச்சைப் பெட்டியில் மாற்றமில்லை.

அவர் அறையிலிருந்து போன்: "நீல வண்டிய வெயில்ல எடுத்து வெச்சியா?"

"உங்க ரூமுக்கே நான் வர்றதில்லயே."

"பின்ன எப்படி உருகும்?"

தெரியாது என்றேன். அவர் குரலில் இருந்த தவிப்பை நான் ரசித்தேன். இது ஆய்வுக் குறிப்பு என்பதால் அதையும் பதிகிறேன்.

ஜூன் 7. பிற்பகல் 2.00

எதிர்பார்ப்பு தவறு. அது சாகவில்லை.

பச்சைப் பெட்டி போய்விட்டது. மொத்தம் இருபத்தாறு பெட்டிகள் இளகிவிட்டன. தண்டவாளத்தைத் தாங்கும் சிறு கட்டைகள் பிசினாகிக் கிடக்கின்றன. காரணம் கண்டுபிடித்தேன். தினமும் காலையில் அவர் தண்டவாளத்தைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். அந்த எண்ணெய்ப் பசையில் த-9 பிழைத்துக்கொண்டது. சக்கரங்கள் அதைச் சுற்றுக்குச் சுற்று சுமந்துபோய் ஆறு ஸ்டேஷனிலும் இறக்கிவிட்டன. சுரங்கத்தின் வழியாக என் அறைக்கும் வந்துவிட்டது. கணினியின் விசைகள் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இனி காகிதத்தில் பென்சிலால்தான் எழுதுவேன். செல்போனுக்கு எஃகு உடம்பு. அது இன்னும் வேலை செய்கிறது.

இந்த நோட்டை எடுப்பவருக்கு: சானிடைசர் இதைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீர் கொல்லும். ரப்பர் கையுறை போடாதீர்கள், அதுவும் இளகிவிடும்; வெறுங்கையால் தொட்டுக் கையை வெந்நீரில் கழுவுங்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் தொடாதீர்கள்.

ஜூன் 8. காலை 11.15

சுரங்கத் துளை வழியாக அவரைப் பார்த்தேன். மேசையடியில் உட்கார்ந்து, பல் சுரண்டும் சிறு கத்தியால் ஒவ்வொரு பெட்டியாகப் பிசினை வழித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியின் சட்டம் வளைந்து மூக்கில் இறங்கியிருக்கிறது. கழற்றவில்லை.

கத்தி நழுவியது. இடது கட்டைவிரலில் ஆழமான வெட்டு. பிசின் படிந்த கை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதிலிருந்து இதயத்துக்குள் இறங்கும் கம்பியின் மேலுறை பிளாஸ்டிக்.

கழிவுக் கிடங்கின் சூட்டைத் தாங்க வேண்டும் என்று த-9ஐ நாற்பது டிகிரிக்குப் பழக்கியவள் நான். மனித உடம்பு அதற்குச் சுகமான இடம். மூன்று வகை ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பும் உண்டு, மற்ற பாக்டீரியாவிலிருந்து பிரித்தறியும் அடையாளத்துக்காக நானே வைத்தது.

ஜூன் 8. மாலை 5.40

அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வகத் தலைவருக்குச் சொன்னேன். அவர் பதில்: "த-9ஐப் போன மாசமே அழிச்சாச்சுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, திலகவதி? லீவுல இருக்கீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

கையெழுத்துப் போட்டது உண்மை. த-9 இருந்த ஒரு குழாயை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டதும் உண்மை.

ஜூன் 9. காலை 8.05

சொல்லிவிட்டேன். போனில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"உங்க வண்டி தானா உருகல. நான்தான் பாக்டீரியாவத் தடவுனேன்."

"வண்டி மேல அவ்வளவு ஆத்திரமா?"

"வண்டி மேல இல்ல. செவுத்த இடிச்சதுக்கு."

"பதினோரு வருசம்டி."

"அத விடுங்க. உங்க ரத்தத்துல அது எறங்கியிருக்கு. பேஸ்மேக்கர் ஒயரத் திங்கும். நெஞ்சு படபடன்னு வருதா?"

"காலையிலிருந்து ரெண்டு தடவ கண்ணு இருட்டுச்சு."

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாதீங்க."

அவர் சிரித்தார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "இப்பத்தான் உன் மனசு முழுசாத் தெரியுது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏன் போகக் கூடாது என்று சொல்லி முடிக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். ட்ரிப்ஸ் குழாய் பிளாஸ்டிக். சிறுநீர்க் குழாய், ரத்தப் பை, செயற்கை மூச்சு தரும் வென்டிலேட்டர் குழாய், எல்லாமே பிளாஸ்டிக். அவர் ஒருவருக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை பேர் குழாய் அறுந்து சாக வேண்டும்?

என்னிடம் மருந்தும் இல்லை.

ஜூன் 10. காலை 6.50

கேட்டைப் பூட்டினேன். சாவியைக் கிணற்றில் போட்டேன். சுகாதாரத் துறைக்கு ஒன்பது முறை போன் செய்தேன். கண்ணாடியும் எஃகும் மட்டும் உள்ள ஓர் அறை ஏற்பாடு செய்யுங்கள், அதுவரை அவரை எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்றேன். "உங்க புகார் பதிவாயிருச்சு" என்கிறார்கள்.

காலை 7.35

அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வாசல் நிலையைப் பிடித்தபடி நிற்கிறார். முகம் வெளுத்துப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டு நாச்சிமுத்து சுவரேறிக் குதித்து வந்து, இரும்பறுக்கும் மெஷினால் பூட்டை அறுக்கிறார். நான் கேட்டுக்குக் குறுக்கே நின்றேன். ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னேன், தொற்று, குழாய், பிளாஸ்டிக் என்று. வரிசையாகச் சொல்ல வரவில்லை.

கனகசபாபதி அவர்களிடம் சொன்னது: "இவ பேச்சக் கேக்காதீங்க. என்னையச் சாகடிக்கப் பாக்கறா. அவளே ஒத்துக்கிட்டா."

ஒப்புக்கொண்டேன்தானே. அதற்குமேல் என்ன பேச?

நாச்சிமுத்து என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். வண்டியின் கதவு மூடும் முன்பே கனகசபாபதியின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுவிட்டார்கள். கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றிவிட்டார்கள். அந்தப் பையைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்ணின் விரல்களை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காலை 10.20

ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்காம் முறை ஒரு டாக்டர் பேசினார். "உங்க குடும்பச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா. உங்கள உள்ள விட வேண்டாம்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

கேட்டைப் பூட்டியது அந்த வார்டில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான். அப்படித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் பூட்டும்போது என் கை நடுங்கவில்லை. இதைப் படிப்பவர் என்ன நினைத்தாலும் நான் மறுக்கப் போவதில்லை.

ஜூன் 11. பிற்பகல் 3.25

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். மெதுவாகப் பேசுகிறார், பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போல.

"கனகசபாபதி சாரோட வீட்டுக்காரம்மாங்களா? ட்ரிப்ஸ் ட்யூப் பிசுபிசுன்னு கையில ஒட்டுதுங்க. காலையிலிருந்து நாலு தடவ மாத்திட்டோம். நேத்து நீங்க ஏதோ சொன்னீங்களாமே."

"அவர் எப்படி இருக்கார்?"

"ஒரு மணி நேரமா ஒண்ணும் பேசலங்க."

"அந்தக் கையோட வேற யாரத் தொட்டீங்க?"

"என் டூட்டியில மூணு பேரு. இல்லீங்க, நாலு. மத்த சிஸ்டருங்களுக்கு எனக்குத் தெரியாது."

"உங்க வார்டுல வென்டிலேட்டர்ல எத்தன பேரு?"

"எண்ணிட்டு வர்றேங்க. லைன்லயே இருங்க."

3.31

இன்னும் வரவில்லை. போனை எங்கோ மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடும் காலடிச் சத்தம்.

3.33

மெஷின் ஒன்று கத்துகிறது.

3.34

இரண்டு.

3.34

மூன்று, அடுத்ததும், எண்ண முடியவில்லை.