மெதுவாக ஓடிய தேசிய கீதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால் வலி மூவரும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் ம் என்கிறாய், அந்த ஒற்றை எழுத்துக்கு நான் ஒரு வாரம் பொழிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தக் கடிதத்துக்காவது முழு வாக்கியத்தில் பதில் போடு. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டதும் பால் பொங்குது என்று சொல்லி வைத்துவிட்டேனே, அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை. அடுத்த மாதம் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கும்போது எல்லோர் முன்னும் நின்று அவர்கள் தேசிய கீதத்தைப் பாடணுமாம், பாடட்டுமாம்மா, உனக்குக் கஷ்டமா இருக்குமா என்று கேட்டாய். பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து, எல்லைகள் எல்லாம் மனிதன் கிழித்த கோடு என்று சொல்கிற புத்தகங்களாகத் தேடித் தேடிப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிற நான், பதில் தெரியாமல் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுப்பும் எரியவில்லை.

அதற்கு வருகிறேன், முதலில் நீ கேட்ட பதிவு. நீ அங்கே மேடையேற்றப்போகும் அடுத்த நிகழ்ச்சியில் சேர்ப்பதற்காக நம் தேசிய கீதத்தை நான் தனியாகப் பாடி அனுப்ப வேண்டும் என்றாய். இதென்ன பெரிய வித்தை, தினம் காலையில் பள்ளியில் அந்தக் கேசட்டைப் போடுகிறவளே நான்தானே என்று தெனாவட்டாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் குரல் வரவில்லை, எழுந்து நின்றேன். நான் ஆரம்பித்ததும் பக்கத்து அறையில் அப்பாவும் எழுந்து நின்றுவிட்டார். இருமல் வந்து நிறுத்தினால் முனகிக்கொண்டே உட்காருகிறார், மறுபடி தொடங்கினால் மறுபடி எழுந்திருக்கிறார். ஏங்க இது வெறும் ஒத்திகைதான், உட்காருங்க என்றேன். உட்கார்ந்தா உன் பாட்டை ரசிச்சேன்னு ஆயிடும், நான் நாட்டுக்கே நின்னுக்கிறேன் என்கிறார். எப்படியோ பதிந்து, மறுநாள் பாட்டு டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். புகழப்போகிறாள் என்று முகத்தை முன்கூட்டியே அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் நூலகம் என்றும் பாராமல் சிரித்துவிட்டாள். அக்கா, நீங்க அப்படியே நம்ம மிஷின் மாதிரி பாடுறீங்க என்றாள். நீயும் அங்கே படித்தவள்தானே, உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன், அந்த கேசட் மிஷினுக்குள் ரப்பர் பெல்ட் தொய்ந்துபோய், பாட்டு எப்போதுமே மெதுவாகத்தான் ஓடுமாம். உங்கள் காலத்துத் தலைமை ஆசிரியை, விசில் என்று பட்டப்பெயர் வைத்திருந்தீர்களே, அவர் மிஷின்மேல் யாரையும் கைவைக்க விடமாட்டார், மெதுவா பாடினாத்தாம்மா மரியாதை, வேகமா போறதுக்கு இதென்ன பஸ்ஸா என்பார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி தன் வேகத்தில் பாடி முடித்து, தொப்பியைத் தலையில் வைத்து, நாங்கள் இன்னும் பாடுவதைப் பார்த்து மறுபடி கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரிக்கு நாங்கள் வந்து சேரும்வரை பரிதாபமாக நின்றார். பெரிய அதிகாரிக்குப் பாட்டு சரியாகத் தெரியவில்லையே என்று அன்று நாங்கள்தான் அவருக்காக வெட்கப்பட்டோம்.

இப்போது உன் கதைக்கு வா. போன வருஷம் பல நாட்டுக்காரர்களை ஒரு கூடத்தில் கண்ணை மூடி நிற்கவைத்து, அவரவர் கீதத்தை ஒரே நேரத்தில் பாடச் செய்தாயே, நம் நாட்டுக்காரர்கள் எல்லோரும் முடித்த பிறகும் உன் குரல் மட்டும் கடைசி வரியில் தனியாக நின்றது என்றும், அந்தத் தாமதத்தில் நாடு விட்டு வந்தவளின் தயக்கம் முழுவதும் கேட்டது என்றும் அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியதே. நான் அதை அடிக்கோடிட்டு நூலகப் பலகையில் ஒட்டி, நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் புலம்பெயர்தல் பற்றி வகுப்பே எடுத்தேன். தயக்கமாவது மயக்கமாவது. ரப்பர் பெல்ட் அடி பெண்ணே, தொய்ந்துபோன ரப்பர் பெல்ட். நான் வேணும்னு செய்யலம்மா, எப்படி அப்படி ஆச்சுன்னே தெரியலை என்று நீ சொன்னபோது, என் மகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று அதையும் சேர்த்துப் பெருமைப்பட்டேன். பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிடாதே, பாவம், அழகாக எழுதியிருக்கிறார்.

பாட்டு டீச்சர் சும்மா இருப்பாளா, எங்கிருந்தோ புது பெல்ட் வாங்கி மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை பட்டனை அமுக்கினேன். பாட்டு சரியான வேகத்தில் ஓடி முடிந்தது, மைதானம் முடிக்கவில்லை. மிஷின் வாயை மூடிய பிறகும் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே பழைய நடையில், ஒருவருக்காகவும் அவசரப்படாமல், கடைசி வரியை இழுத்துப் பாடி முடித்தார்கள். அவர்கள் முடிப்பதற்குள்ளேயே புதுத் தலைமை ஆசிரியர் ஓடிவந்து என்ன டீச்சர், மிஷின் கெட்டுப்போச்சா என்றார். மிஷின் சரியாயிடுச்சு சார், நாங்கதான் இப்படி என்றாள் பாட்டு டீச்சர். நானும் அவர்களோடு இன்னும் பாடிக்கொண்டிருந்தேன்.

இனி உன் கேள்வி. கஷ்டமாகத்தான் இருக்கும் பாப்பா. இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்தை நானே நம்பவில்லை. அடுத்தமுறை வரும்போது நீ விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்பாய், அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பெல்ட் மாறியும் பிள்ளைகள் நடை மாறாத அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பயம் பாதிதான் மிச்சம். மீதிப் பாதியை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் யோசிக்கவே இல்லை, அவ பாடுறப்ப இங்க என்ன நேரம்னு கேட்டு வை, நானும் எழுந்து நிக்கணும் என்றார். எந்த நாட்டுக்காகங்க நிப்பீங்க என்றேன். அவ நிக்கிறா இல்ல, போ என்று சொல்லி முழங்காலுக்குத் தைலம் கேட்டார்.

அதனால் போய்ப் பாடு. எல்லோரும் முடித்த பிறகு உன் குரல் மட்டும் மிச்சமிருந்தால் பாதியில் விழுங்கிவிடாதே, கடைசி வரியை முடி, அங்கேயும் ஓர் அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காதே, மயக்கம் வரும், காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ. எங்கே நின்றாலும் நிறைவாக நில், நன்றாக இரு. நேரத்தை மட்டும் மறக்காமல் எழுது, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புது பெல்ட்டுக்கு இன்னும் பழகாத,
உன் அம்மா