கவுன்டர் அக்கா தலையில் கட்டிய வியாதி

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எப்போதும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன், இந்த முறை நலமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன், நம்பலாம். முதுகுவலி என்று அப்பா கூடத்து சோபாவில் படுக்கப் போனாரே, அந்த வலியும் போய்விட்டது, அது போன கதையைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

கொஞ்ச நாளாக அப்பாவோடு சேர்ந்திருந்தால் எனக்கு வலி, பிறகு இரத்தமும் பட்டது. ஆமாம், இந்த வயதிலும்தான், முகத்தைச் சுளிக்காதே. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிறதே என்று பயந்து டாக்டரம்மாவிடம் போனேன். பஸ் நிலையத்து மைக்கில் நாளெல்லாம் ஊருக்கே கேட்கக் கத்துகிறவளுக்கு அங்கே வாயே வரவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்திக்கு இப்படியாம் என்று ஆரம்பித்து, எங்கள் டிக்கெட் கவுன்டர் அக்கா தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். டாக்டரம்மாவோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாவும் இருக்கலாம், கேன்சராவும் இருக்கலாம், நாளைக்கே அவங்கள கூட்டிட்டு வாங்க என்றார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பார்கள். உன் அம்மா மறுநாள் அப்பாவோடு, கவுன்டர் அக்காவையும் துணைக்கு வா என்று நிஜமாகவே கூட்டிக்கொண்டு போனாள்!

அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, எப்போருந்து ரத்தம் படுது என்று டாக்டரம்மா கேட்க, அவள் திருதிருவென்று விழித்து, எனக்கா, நான் துணைக்குல்ல வந்தேன் என்கிறாள். அவளைச் சோதித்தால் என் வியாதியா தெரியப்போகிறது? எனக்குத்தான் டாக்டர், எனக்குத்தான் என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு, பழக்கதோஷம், வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம், அப்பா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். சின்னச் சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டார்கள், சோதித்துப் பார்த்ததில் கெட்டது எதுவும் இல்லை, வறட்சிக்குக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அப்பாவையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். தன்னால்தான் எனக்கு இப்படி ஆனதென்று பயந்து சோபாவுக்குப் போயிருக்கிறார், மண்டு. என்னைப் பிடிக்காமல்தான் போனார் என்று நான் அழுதுகொண்டிருந்தேன், இன்னொரு மண்டு. இப்போது தலையணையோடு திரும்பி வந்துவிட்டார். சில நாள் என்னோடு பேசாமலிருந்த கவுன்டர் அக்கா, தனக்கும் ரொம்ப நாளாக ஓர் அரிப்பு என்று மெல்ல வந்து சொன்னாள், அவளுக்கு நான் துணைக்குப் போனேன்.

இனி உன் விஷயம். கர்ப்பப்பை வாய் கேன்சர் சோதனைக்குப் போன இடத்தில், புருஷன் இருக்காரா என்று டாக்டர் கேட்டதும் சோதனை செய்யாமலே எழுந்து வந்துவிட்டேன் என்று போன மாதம் போனில் சொன்னாய். நான் உடனே அங்கே மழையா என்று கேட்டேன். மழையைப் பற்றி எனக்கென்ன கவலை. உன்னோடு இருக்கிறவள் உனக்கு யார் என்பது எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுபடி போ. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இவள்தான் என் துணை என்று சொல். அந்த டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பார். ஆண் துணை இல்லாதவளுக்கு இந்தச் சோதனை எதற்கு என்று யார் சொன்னாலும் நம்பாதே, உங்கள் இருவருக்கும் தேவைதானாம், நம் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். கவுன்டர் அக்கா மகளுக்கு என்று கேட்கவில்லை, என் மகளுக்கு என்றே கேட்டேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சந்தோஷமாக இருங்கள். சோதனை முடிந்ததும் போன் செய்ய மறக்காதே, அவளிடமும் கொடு, மெதுவாகப் பேசப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, அவளுக்கும்தான்