பதிமூன்று கிலோமீட்டர் பொறுமை

ஜூன் 3, செவ்வாய்

கம்மாபுரம் கிளினிக் லிங்க் இன்றும் படுத்துவிட்டது. டவுன்ஷிப்பில் டிரஸ்ட் மருத்துவமனை மாடியில் ஒரு ரேடியோ, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்தக் கிளினிக்கில் ஒன்று. அங்கே எடுக்கும் இ.சி.ஜி. இங்கே டாக்டருக்கு வர வேண்டும். பாதிதான் வருகிறது. பராமரிப்பு எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனி. டெக்னீசியன் நான், மேனேஜர் கொளஞ்சிநாதன் சார். இதுவரை அவர் கண்டுபிடித்த குற்றவாளிகள்: நிலக்கரித் தூசி, முந்திரி மரம், வெயில். இன்று காக்கா.

ஜூன் 5, வியாழன்

சிக்னல் அருமையாக இருக்கிறது. பிறகு ஏன் ஒரே தகவலை நான்கைந்து முறை அனுப்புகிறது? செட்டிங்கைத் திறந்தேன். தூரம்: 1 கி.மீ. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற பதிலுக்கு ரேடியோ கொஞ்ச நேரம் காத்திருக்கும். ஒரு கிலோமீட்டர் என்று சொல்லி வைத்தால் அந்த அளவுக்குத்தான் பொறுமை. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி பதில் வருவதற்குள், தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். மைக்ரோ செகண்டு கணக்கு.

சாரிடம் சொன்னேன். "ஒளி வேகத்துல போவுதும்மா. அதுக்கு ஏது தூரம், கிட்ட? செட்டிங்ல கை வைக்காத. பெரிய ஆன்டெனா ஆர்டர் போட்டிருக்கேன்."

ஜூன் 9, திங்கள்

பெரிய ஆன்டெனா வந்தது. தேங்காய் உடைத்து ஏற்றினோம். இ.சி.ஜி. அதே பாதி. பொறுமை இல்லாத ஆளுக்குக் காதைப் பெரிதாக்கினால் பொறுமை வந்துவிடுமா?

ஜூன் 12, வியாழன்

மதியம் கிளினிக் நர்ஸ் மலர்கொடி போன். "மேடம், சடையப்பன்னு ஒருத்தரு, நெஞ்சு வலிங்கறாரு. இ.சி.ஜி. அனுப்பிக்கினே இருக்கன், பாதியில நின்னுக்குது. போன்ல நெட்டும் சுத்திக்கினே இருக்குது. டாக்டரு ஒண்ணும் தெரியலங்கறாரு."

சாருக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. இனி யாரைக் கேட்பது? இங்கிருந்தே செட்டிங்கைத் திறக்கப் பார்த்தேன். நாலாவது தடவைதான் அந்தப் பக்க ரேடியோ திறந்துச்சு. பன்னிரண்டுக்கு ஒண்ணு கூடவே இருக்கட்டும்னு 13 போட்டேன். இந்தப் பக்கமும் 13. ரெண்டும் அணைஞ்சு எழுந்திருக்க ஒரு நிமிஷம் — இருந்த பாதியையும் நானே கெடுத்துட்டனா?

வந்தது. முழுசாக. மாரடைப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து உடனே வண்டியில் ஏற்றச் சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

சடையப்பன் பிழைத்துவிட்டார். எனக்கு மெமோ: அனுமதியின்றி செட்டிங்கை மாற்றியது. வீட்டில் அத்தா மகளின் மெமோவை வாங்கிப் படித்தார். "ஆள் பொழச்சத இதுல எங்கயும் காணோமே?"

ஜூன் 20, வெள்ளி

சாருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். அவர் அனுப்பிய அறிக்கையில் "எனது நேரடி வழிகாட்டுதலில்" மூன்று இடத்தில் வருகிறது. கூடவே ஒரு சுற்றறிக்கை: இனி எல்லா லிங்க்கிலும் தூரம் 13.

ஒவ்வொரு இடத்துக்கும் அது மாறும் என்றேன். "மெமோ வாங்கியும் அடங்கலியாம்மா நீ?"

ஜூன் 30, திங்கள்

கான்ட்ராக்ட் முடிந்தது. என்னுடையது மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. பெயர் எழுதிய டீ கப்பை மறக்காமல் எடுத்து வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்தே கூப்பிட்டார்கள். அன்றைக்கு இ.சி.ஜி. பார்த்த டாக்டர்தான் சொல்லியிருக்கிறார். இனி கான்ட்ராக்ட் கம்பெனி செய்யும் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். அத்தா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

கொளஞ்சிநாதன் சார் போன். பண்ருட்டிப் பக்கம் புதுக் கிளினிக். திங்கட்கிழமைக்குள் என் கையெழுத்து வேண்டும்.

"பதிமூணு போட்டும் ஓட மாட்டேங்குதுங்க."

"அங்க எவ்வளவு தூரம் சார்?"

பதில் வர நேரமானது. யாரிடமோ விசாரித்தார். "இருபத்தொண்ணுங்களாம்."

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கிளினிக்கிலும் ஒரு நர்ஸ் போனும் கையுமாக நிற்பாள்.

"இருபத்திரண்டு போடுங்க. ரெண்டு பக்கமும்."

எழுதிக்கொண்டார். பிறகு, மிகுந்த மரியாதையோடு:

"அப்ப இனிமே எல்லா லிங்க்குக்கும் இருபத்திரண்டுங்களா மேடம்?"