நாலு வேளைப் பால்

ஜனவரி 8, வியாழன்

இன்று தொடங்கினேன். வெந்நீரில் குளித்துவிட்டு, கதவைத் தாழிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் கறந்தேன். ஒன்றும் வரவில்லை.

முப்பத்தாறு வாரம் முடிந்துவிட்டது. தினமும் இன்சுலின். "சுகர் இருக்கிற அம்மாவோட பிள்ளைக்குப் பொறந்த உடனே சுகர் இறங்கிடும் பஹீமா. அந்த நேரத்துல கொடுக்கச் சீம்பால் கையில இருக்கணும். இப்பவே எடுத்து உறைய வைங்க" என்று டாக்டர் திரிபுரசுந்தரி சொன்னார். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சுகள் இருபது கொடுத்தார்.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளை வர்றதுக்கு முன்னாடி தொட்டிலே வாங்க மாட்டோம். நீ பாலையே எடுத்து வைக்கிறே" என்றாள். ஒன்பது வருஷம் கழித்து வருகிற பிள்ளை. எனக்கும் பயம்தான். காட்டிக்கொண்டால் உம்மா அதையே பிடித்துக்கொள்வாள்.

ஜனவரி 9

ஒரு சொட்டு. நல்ல மஞ்சள். சிரிஞ்சுக்குள் இழுப்பதற்குள் ஸ்பூனிலேயே ஒட்டிக்கொண்டது. விரலால் வழித்து நக்கிவிட்டேன். கொஞ்சம் உப்பு.

ஜனவரி 13, செவ்வாய்

முதல் முழு சிரிஞ்சு. ஒரு மில்லி. தேதி எழுதி, டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் உம்மாவின் கொடுவா மீனுக்கு மேலே வைத்தேன். என் வீட்டுக்காரர் அப்ரார் கத்தாரிலிருந்து வீடியோவில் காட்டச் சொன்னார். "இவ்வளவுதானா?" என்றார். "நீங்க வந்து கறந்து பாருங்க, தெரியும்" என்றேன்.

தம்பி தௌஹீத் வந்திருந்தான். கல்யாணமானதிலிருந்து, எங்கள் வழக்கப்படி, கோவில்பத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறான். அவன் மனைவி நுஸ்ரத்துக்கு எட்டாம் மாதம். எனக்குப் பையனும் அவளுக்குப் பெண்ணும் பிறந்தால் முடித்துவிடுவதென்று உம்மாவும் நுஸ்ரத்தின் உம்மாவும் பேசிவைத்தாயிற்று. இரண்டும் இன்னும் வயிற்றில். எந்த மண்டபம் என்பதுதான் பாக்கி.

ஜனவரி 17, சனி

நுஸ்ரத்துக்கு பிரஷர் ஏறி, ஃபிட்ஸ் வந்து, அவசரமாக ஆபரேஷன். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நுஸ்ரத் நினைவில்லாமல் ஐ.சி.யூ.வில்.

ஃப்ரீசரில் பதினொன்று இருக்கிறது. ஏன் இதை எழுதுகிறேன்?

ஜனவரி 18, ஞாயிறு

தௌஹீத் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "லாத்தா, தாய்ப்பால்தான் பிள்ளைக்கு ஒத்துக்கும்ங்கிறாங்க. நுஸ்ரத்துக்கு இப்போதைக்கு வராதாம். உன் ரத்த டெஸ்ட் எல்லாம் டாக்டர்கிட்டயே இருக்கு, உன்னுது இருந்தா கொண்டு வரலாம்னாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா குறுக்கே வந்தாள். "இவ பாலைக் குடிச்சா அது இவளுக்குப் பொண்ணுல்ல? இவ வயித்துல இருக்கிறதுக்குக் கூடப்பொறந்தவ ஆயிடுவா. அப்புறம் எப்படிடா நிக்காஹ் பண்றது?"

உயிர் ஊசலாடுகிற பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை! அதுவும் பையனா பெண்ணா என்றே தெரியாத மாப்பிள்ளை. தௌஹீத் பள்ளிவாசலுக்குப் போய்க் காஜா நஜ்முதீன் ஹஜ்ரத்தைக் கேட்டுவந்தான். தனித்தனியாக ஐந்து வேளை குடித்தால்தான் பால்குடி உறவு என்றாராம். உயிருக்கு ஆபத்தென்றால் எத்தனை வேளையானாலும் கொடுங்கள், உறவு வந்தால் வரட்டும் என்றும் சொன்னாராம். உம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"அப்ப நாலு வேளை கொடு" என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

நாலு சிரிஞ்சு போனது. குழாய் வழியாக, வேளைக்கு ஒரு மில்லி. குழந்தை தாங்கிக்கொண்டது என்றார்கள். அதற்குப் பிறகு பவுடர் பால்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உம்மா நாலு என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மீதி ஏழும் என் பிள்ளைக்கு. உம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜனவரி 21, புதன்

பவுடர் பால் சேரவில்லை. வயிறு உப்பிவிட்டது. பாலை நிறுத்திவிட்டு டிரிப் மட்டும் ஏற்றுகிறார்கள். தௌஹீத் போனில் சொன்னான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் — கொடுத்திருப்பேனா? நானாகச் சொல்லியிருக்கலாமே, வாய் எங்கே போயிற்று?

இன்று இரண்டு எடுத்தேன். ஒன்பது.

ஜனவரி 23

செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆக வேண்டும். வலி வரவைப்பார்களாம். துணிகள் எடுத்துவைத்தாயிற்று. பால் கொண்டுபோக ஐஸ் பெட்டியும் தயார்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையிலிருந்து அசையவில்லை. சாப்பிட்டுப் பார்த்தேன், இடதுபக்கம் படுத்துப் பார்த்தேன். உம்மா ஓதி ஊதினாள். ஆட்டோ வந்துவிட்டது —

ஜனவரி 30, வெள்ளி

பையன்தான்.

மூன்றேகால் கிலோ. தலை நிறைய முடி. தௌஹீத் தூக்கிக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தான். அப்ரார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கறந்ததாலா? டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "இல்லம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சுகர் இருந்தா சில நேரம் இப்படி ஆயிடுது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல." மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

அப்ப நான் பதுக்கி வச்சேனே, அதுக்கா? இல்ல. அல்லா அப்படியெல்லாம் பழிவாங்க மாட்டான், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?

ஜனவரி 31

பால் கட்டிக்கொண்டது. கல் மாதிரி. நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது சுரக்கிறது, யார் கேட்டார்கள்?

பிப்ரவரி 2, திங்கள்

மாத்திரை போடவில்லை.

தௌஹீத் சாப்பாடு கொண்டுவந்தான். "பாப்பா எப்படிடா?" என்று கேட்டேன். பத்து நாளில் முதல் தடவை. வயிறு வற்றிவிட்டதாம், மறுபடி பால் ஆரம்பிக்கலாமாம். நுஸ்ரத் எழுந்து உட்கார்கிறாள், ஆனால் பால் இன்னும் வரவில்லை. "உன்கிட்ட கேக்க வாய் வரல லாத்தா" என்றான்.

"ஃப்ரீசர்ல இருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. நாளையிலேருந்து தினம் வந்து வாங்கிக்க" என்றேன்.

உம்மாவே எழுந்துபோய் டப்பாவை எடுத்தாள். எத்தனை இருக்கிறதென்று பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து மூடி, முந்தானையால் மேலே துடைத்துக்கொண்டே நின்றாள்.

பிப்ரவரி 7

இரண்டு மணிக்கொரு தடவை கறக்கிறேன். கறக்கும்போதெல்லாம் அழுகிறேன். பால் நிறையத்தான் வருகிறது.

பிப்ரவரி 16, திங்கள்

பாப்பாவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஒன்றே முக்கால் கிலோ. இனி மார்பிலேயே போடலாம் என்றார்கள்.

போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். கறந்து கொடுப்பது வேறு. அப்ரார்தான் ஆட்டோ பிடித்தார்.

நுஸ்ரத்திடம் முதலில் கொடுத்தார்கள். அவளுக்கு இப்போதுதான் கொஞ்சம் வருகிறது, பிள்ளைக்குப் போதவில்லை, சிணுங்கியது. நுஸ்ரத்தே பிள்ளையை நாத்தனாரான என்னிடம் நீட்டினாள். "உங்க பொண்ணு மச்சி, வாங்கிக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை. என் மடியில் அந்தச் சின்ன உடம்பின் சூடு பட்டதும் தலையைக் கையில் ஏந்தி மார்போடு அணைத்தேன்.

பிடித்துக்கொண்டாள். வலித்தது. குடித்தபடியே தூங்கிவிட்டாள்.

அப்ரார் ஊருக்கு வந்து மூன்று வாரமாகப்போகிறது. எங்கள் பிள்ளையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் ஆரம்பித்தேன்.

"நம்ம பையனுக்கு ஒரு லாத்தா இருக்கா. எட்டு நாள் மூத்தவ."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.